காற்றுக்குழாய்

நாலு குடித்தனத்துக்கு ஒரே கக்கூஸ். மாடி நடையின் கடைசியில் இருந்தது அது. குழாய்க்காரர் வீட்டுக் கதவிலிருந்து இருபத்திரண்டு எட்டு. எண்ணி வைத்திருந்தவர் அவர்தான். உடம்பு நன்றாக இருக்கிற நாளில் யாராவது எட்டு எண்ணுவார்களா? குடலில் வந்த நோய் எண்ண வைத்தது. அரை மணிக்கு ஒரு தரம் எழுந்து, சுவரைத் தடவிக்கொண்டு போவார். போய் உட்கார்ந்த இரண்டாவது நிமிஷம் கதவு தட்டப்படும்.

"இன்னும் எவ்வளவு நேரம்ங்க? பிள்ளைங்க பள்ளிக்கூடம் போகணும்."

தட்டுகிறவர்களையும் குறை சொல்ல முடியாது. அவர்களுக்கும் வயிறு இருக்கிறதே.

ஊரில் பாதி வீட்டுக்குக் குழாய் போட்டவர் அவர். நாற்பது வருஷ வேலை. எத்தனையோ வீட்டில் படுக்கையறைக்கு உள்ளேயே கக்கூஸ் வைத்துக் கொடுத்த மனுஷன், தட்டுகிற சத்தத்துக்குப் பதறி எழுந்து வருவதை அவர் மனைவி தினமும் பார்த்தாள். அவளுக்கு இஸ்திரிக் கடையில் வேலை. ஊரார் துணிச் சுருக்கத்தையெல்லாம் எடுத்துவிட்டு வருகிறவளுக்கு, இதை எப்படி நேர்செய்வது என்று மட்டும் தெரியவில்லை.

ஒருநாள் அப்படிப் பாதியில் எழுந்து வந்ததில் நடையிலேயே உடுப்பு நனைந்துவிட்டது. மூன்றாம் வீட்டுப் பெண் பார்த்தும் பாராததுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவர் உள்ளே வந்து கட்டிலில் உட்கார்ந்தார். மனைவியைக் கூப்பிட்டு, "இந்தா, படகுக்குப் போயிடலாம்" என்றார்.

எட்டு வருஷத்துக்கு முன்னால் வேலையிலிருந்து ஓய்ந்தபோது வாங்கிய பழைய பாய்மரப் படகு அது. அவளுடைய தம்பி பாய் தைக்கிறவன். அவன்தான் பார்த்து வாங்கிக் கொடுத்தான். பத்து எட்டு நீளம். முன்பக்கம் ஒரு படுக்கை, அதன் கால்மாட்டில் ஒரு சின்னக் கக்கூஸ்.

"படுக்கையிலேருந்து ரெண்டு எட்டு. ஒருத்தனும் வந்து தட்ட மாட்டான்," என்றார் அவர். "இருக்கிற நாளை அங்கே இருந்துட்டுப் போறேன்."

எவ்வளவு நாள் என்பது அவருக்குத் தெரியும். டாக்டரிடம் அவரே கேட்டார். "சுத்தி வளைக்காதீங்க. இந்தக் குழாய் எத்தனை நாள் தாங்கும்?" டாக்டரும் மறைக்கவில்லை. மூன்று மாசம், மிஞ்சினால் நாலு.

படகில் குடியிருக்கப் படகுத்துறை ஆபீஸில் அனுமதி வாங்க வேண்டும். அங்கே ஒரு விதி. படகுக் கக்கூஸில் பம்ப் அடித்தால் எல்லாம் நேரே கடலுக்குத்தான் போகும். குடியிருக்கிற படகில் அப்படி விடக்கூடாது, கழிவுக்கு ஒரு தொட்டி வைத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும், நிறைந்தால் துறையிலே உறிஞ்சிக் கொள்வார்கள். தொட்டி இல்லையென்றால் அனுமதி இல்லை.

"தொட்டிதானே?" என்றார் அவர். ஒரு வருஷமாக அவள் கேட்காத குரல் அது.

முதலில் அட்டையில் ஒரு தொட்டி செய்தார். படுக்கைக்கு அடியில் இடப்பக்கம் அதை வைத்துப் பார்த்து, வெட்டி, மறுபடி வைத்துப் பார்த்து, அந்த அளவுக்குப் பிளாஸ்டிக் தொட்டி வந்து சேர்ந்தது. நிற்க முடியாது என்பதால் தரையில் காலை மடித்து உட்கார்ந்தே வேலை பார்த்தார். கக்கூஸிலிருந்து தொட்டிக்கு ஒரு தடித்த ஹோஸ், தொட்டியிலிருந்து மேல்தளத்துக்கு உறிஞ்சுகிற ஹோஸ் ஒன்று, காற்றுப் போக விரல் தடிமனில் மெல்லிசாக ஒன்று. ஒவ்வொரு முனைக்கும் இரண்டு கிளாம்ப். பாதி வேலையில் எழுந்து அந்தக் கக்கூஸையே எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் பொறுடா ராஜா, உனக்குத்தான் வேலை நடக்குது" என்று வயிற்றைத் தட்டிக்கொள்வார்.

குழாயின் சரிவு வாட்டம் பார்க்க ரசமட்டம் கொண்டுவந்திருந்தார். நடுவில் ஒரு காற்றுக் குமிழி ஓடுமே, அதுதான். அது இல்லாமல் ஒரு குழாயும் போட்டதில்லை அவர். படகு லேசாக ஆட, குமிழி இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடியது. அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பார். குமிழி நடுவுக்கு வந்ததும், "இப்போ! கோடு போடு!" என்று கத்துவார். பென்சிலும் கையுமாக நிற்கிற அவள் சடக்கென்று கோடு இழுப்பாள்.

தம்பி அதைப் பார்த்துச் சிரித்தான். "மாமா, மிதக்கிற படகுல ரசமட்டம் வைக்கிறீங்களே! ஓடுற பஸ்ஸுல உட்கார்ந்து மீசை திருத்துற மாதிரி இருக்கு."

"நீ தையல்காரன். ஊசியைக் கீழே வச்சுட்டு வந்து குழாய்க்காரனுக்குப் பாடம் எடுக்காதே, மச்சான்."

"எடுக்கலை, எடுக்கலை."

ஆறாம் நாள் சாயங்காலம் அவள் வாளியில் தண்ணீர் பிடிக்கப் போனாள். தம்பி பின்னாலேயே வந்தான்.

"அக்கா, அந்தக் காத்துக் குழாய் தப்பு."

"என்ன தப்பு?"

"தொட்டிக்குள்ள அழுக்கு வர வர, உள்ளே இருக்கிற காத்து வெளியே போகணும் இல்லையா? அதுக்குத்தான் அந்தக் குழாய். மாமா அதை ஓரத்து மூலையிலேருந்து எடுத்து, வீட்டுக்குப் போடுற மாதிரி அடிக்குக் கால் இஞ்சு வாட்டம் குடுத்துப் படுக்க வச்சிருக்காரு. வீடு நின்ன இடத்துல நிக்கும். படகு அப்படியா? பாய் விரிச்சு இடப்பக்கம் சாய்ஞ்சா அந்த மூலைதான் அடியில வரும். அழுக்கு குழாய்ல ஏறி அடைச்சுக்கும். காத்து போக வழியில்லாம உள்ளே அழுத்தம் ஏறும். நடுவுல ஓட்டை போட்டு நேரா மேலே கொண்டு போகணும். நான் சொல்லிடறேன்."

"கட்டிப்போட்ட படகு சாயுமா?"

"கட்டிக் கிடந்தா சாயாது."

"அப்போ விடு."

"அக்கா..."

"ஆறு நாளா அவரு முகத்தைப் பார்த்தியாடா? நேத்து ரெண்டு கவளம் கூடச் சாப்பிட்டாரு. இப்போ போய் உங்க வேலை தப்புன்னு சொன்னா, அப்படியே உட்கார்ந்துடுவாரு. விடு. அவரு கையால செஞ்சதாவே இருந்துட்டுப் போகட்டும்."

தம்பி வாளியை வாங்கித் தூக்கிக்கொண்டான். அவள் செய்தது அன்பினால்தான். அதில் சந்தேகமே வேண்டாம்.

துறை ஆபீஸ் அம்மா வந்தார். தொட்டியில் நீலச் சாயம் கலந்த தண்ணீரை நிரப்பி, ஒவ்வொரு இணைப்பிலும் வெள்ளைக் காகிதத்தை ஒற்றி ஒற்றிப் பார்த்தார். எதிலும் ஒரு நீலப் பொட்டுக்கூட இல்லை. "யார் போட்டது?" என்று கேட்டார். "நான்தாம்மா" என்று அவர் சொன்னபோது கல்யாண மாப்பிள்ளைக்கு வருகிற வெட்கம் வந்தது அவர் முகத்தில்.

படகுக்குக் குடி போனார்கள். பன்னிரண்டு நாள் நன்றாகவே போயிற்று. ராஜா மாதிரி போவார், ராஜா மாதிரி வருவார். போனால் அரை மணி உட்கார்ந்திருப்பார். அவசரமே இல்லாதபோதும் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார். "உள்ளே என்னங்க பண்றீங்க?" என்று அவள் கேட்டால், "சும்மாத்தான். யாரும் தட்டலையேன்னு பார்க்கிறேன்" என்பார்.

பதின்மூன்றாம் நாள் மத்தியானம் இதமான காற்று. தம்பி வந்திருந்தான். அவர் திடீரென்று, "ஒரு சுத்துப் போயிட்டு வருவோமா?" என்றார்.

தம்பி அக்காவைப் பார்த்தான். அக்கா வேறு பக்கம் பார்த்தாள். "இன்னிக்கு வேண்டாம் மாமா, காத்து ஜாஸ்தி" என்று இழுத்தான்.

"ஜாஸ்தியா? எட்டு வருஷத்துல இதைவிட நல்ல காத்து வந்ததில்லை. கயித்தை அவிழு மச்சான்."

வேண்டாம் என்று எந்த வாயால் சொல்வாள்? தொட்டி பாதிக்கு மேல் நிறைந்திருந்தது அவளுக்குத் தெரியும். கொஞ்ச தூரம்தானே என்று நினைத்துக்கொண்டாள்.

பாய் விரிந்ததும் படகு இடப்பக்கம் சாய்ந்து ஓடியது. அவர் சுக்கானைப் பிடித்து உட்கார்ந்திருந்தார். எலும்பும் தோலுமாகிவிட்ட கைதான். ஆனாலும் படகு அந்தக் கைக்குக் கட்டுப்பட்டது. கரையிலிருந்த கட்டடமெல்லாம் சிறுத்துப் போயின. "பார்த்தியா? பார்த்தியா?" என்றார். எதை என்று சொல்லவில்லை. அவளும் "பார்த்தேங்க" என்றாள்.

அரை மணி ஆயிற்று. சுக்கானைத் தம்பியிடம் கொடுத்துவிட்டு அவர் கீழே இறங்கிப் போனார். பம்ப் அடிக்கிற சத்தம் கேட்டது. நின்றது. மறுபடி கேட்டது. "இது என்னடா கல்லு மாதிரி இருக்கு" என்று அவர் குரல். பலத்தையெல்லாம் சேர்த்து ஒரு அழுத்து அழுத்தியிருக்க வேண்டும். டப்பென்று ஒரு சத்தம்.

அவள் இறங்கிப் போனபோது தொட்டி ஹோஸ் பிடுங்கிக்கொண்டு கிடந்தது. படுக்கை, தலையணை, சுவர், அவர் சட்டை, முகம், எல்லாவற்றிலும் அதுதான். அவர் துடைத்துக்கொள்ளக்கூட இல்லை. குனிந்து காற்றுக்குழாயையே பார்த்துக்கொண்டிருந்தார். கிளாம்பைத் தளர்த்தி முனையைக் கழற்றினார். அதற்குள்ளும் அழுக்கு அடைத்திருந்தது.

"இதுல எப்படி ஏறுச்சு?" என்றார். சாய்ந்திருந்த தொட்டியைப் பார்த்தார். மூலையைப் பார்த்தார். நாற்பது வருஷ மூளை அல்லவா, ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. "அட, மடையா!" என்று தன்னைத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு தலையைத் தூக்கினார்.

"மச்சான்! பாயை இறக்கிட்டு இங்கே வா."

தம்பி வந்து படியில் நின்றான்.

"எட்டு வயசுலேருந்து படகுலயே கிடக்கிறவன் நீ. உனக்கு இது தெரியாம இருக்காதே?"

தம்பி அக்காவைப் பார்த்தான். அந்தப் பார்வை போதுமாயிருந்தது அவருக்கு.

"நீ சொல்ல வேண்டாம்னியா?" என்று அவளைக் கேட்டார்.

"நீங்க அவ்வளவு சந்தோஷமா இருந்தீங்க..."

"நாப்பது வருஷத்துல என் வேலையை எத்தனை பேரு காறித் துப்பியிருக்கான் தெரியுமா? 'யோவ், ஒழுகுதுய்யா, வந்து பாரு'ன்னு தெருவுல நிக்க வச்சுக் கத்தியிருக்கான். அப்பல்லாம் நான் உசுரோட இருந்தேன்." மூச்சு வாங்கியது அவருக்கு. "நான் செத்துட்டேன்னு நீங்க ரெண்டு பேரும் எப்போ முடிவு பண்ணீங்க?"

அவள் துணியை எடுத்து அவர் முகத்தைத் துடைக்கப் போனாள். துணியைப் பிடுங்கி அவரே துடைத்துக்கொண்டார். சுவரைத் துடைக்கப் போய், கை மேலே எழும்பாமல், துணியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். தம்பி மேலே போய்ப் படகைத் துறைக்குத் திருப்பினான்.

மறுநாள் அவரே ஆபீஸுக்கு ஆள் மூலம் சொல்லி அனுப்பினார்: என் வேலையில் ஒரு தப்பு இருக்கிறது, திருத்தப் போகிறேன், மறுபடி வந்து பாருங்கள் என்று. தொட்டியைக் காலி பண்ணி, கழுவி, வேலை ஆரம்பமாயிற்று. ஓட்டை போட அவர் கையில் தெம்பில்லை. தம்பி போட்டான். பழைய ஓட்டையை அடைத்தார்கள். புதுக் குழாய் தொட்டிக்கு நடுவிலிருந்து நேரே மேலே ஏறியது. ரசமட்டம் பெட்டியை விட்டு வெளியே வரவில்லை.

"மாமா, அங்கே ஹோஸ் தொய்யுது," என்றான் தம்பி, பயந்து பயந்து. "தொய்ஞ்ச இடத்துல தண்ணி தங்கும்."

"அப்படிச் சொல்லு!" என்றார் அவர். "அவிழ்த்து மறுபடி கட்டு."

அவளும் தன் பங்குக்கு, "என்னங்க, இந்தக் கிளாம்ப் லூசா இருக்கு" என்றாள்.

அவர் விரலால் தொட்டுப் பார்த்தார். "நல்லா இறுகித்தான் இருக்கு. எனக்காகக் குத்தம் கண்டுபிடிக்காதே. இருந்தா சொல்லு."

அதற்கு அவள் சிரித்துவிட்டாள். அவரும் சிரித்தார். அதுதான் கடைசியாக அவர் வாய்விட்டுச் சிரித்தது என்று பிற்பாடு அவளுக்குத் தோன்றியது.

ஆபீஸ் அம்மா மறுபடி வந்து பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். ஆனால் கடலுக்கு மறுபடி போக வாய்க்கவில்லை. காற்று இருந்த நாளில் அவருக்கு உட்கார முடியவில்லை. உட்கார முடிந்த ஒருநாள் இலைகூட அசையவில்லை. அந்த ஒரு மத்தியானம்தான் அவருக்கு இருந்தது, அதையும் நாம்தான் பாதியில் கெடுத்தோம் என்று அவள் நெஞ்சுக்குள் போட்டுக்கொண்டாள். அவரிடம் சொல்லியும்விட்டாள். "ஆமாம், கெடுத்தே," என்றார் அவர். இல்லை என்று சமாதானம் சொல்லவில்லை. அவள் கையை எடுத்துத் தன் வயிற்றின்மேல் வைத்துக்கொண்டார்.

படகுக்கு வந்த ஐந்தாவது வாரம், காலையில், வெயில் படுக்கைமேல் விழுந்துகொண்டிருந்தபோது போய்விட்டார். அதற்கு முந்தின நாள்வரை அந்த இரண்டு எட்டையும் அவரேதான் நடந்தார்.

அனுமதி வாங்கினவர் போனால் அனுமதியும் போகும். ஒரு வாரத்தில் தொட்டியைக் காலி செய்து படகு கட்டியிருந்த இடத்தை விட்டுவிடச் சொன்னார்கள். தம்பி படகை மெல்ல ஓட்டி உறிஞ்சுகிற இடத்துக்குக் கொண்டுபோனான். அங்கே இருந்தவர் மேல்தளத்து மூடியைத் திருகி எடுத்து, தடித்த குழாயைப் பொருத்தி, சுவிட்சில் கை வைத்தார்.

"கொஞ்சம் இருங்க," என்றாள் அவள்.

"நாத்தம் வரும்னு பார்க்கிறீங்களா? அந்தப் பக்கம் திரும்பிக்கோங்கம்மா. ரெண்டே நிமிஷம்."

அவள் திரும்பவில்லை. ஒரு வருஷமாக அவர் உடுப்பிலிருந்து அவள் அலசிக் கொட்டியதுதான் இது. எப்போது தொலையும் என்று மனதுக்குள் அலுத்துக்கொண்டதும் உண்டு. அவர் உடம்பே போன பிறகு இது மட்டும் உள்ளே இருக்கிறது: கரைத்துக் கரைத்து அவள் ஊட்டிய சோறு, அவருக்குள் போய் வந்தது. இப்படி ஒன்றை நினைத்து ஒருத்தி நிற்கலாமா என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது. யாரிடம் சொல்ல முடியும் இதை?

தம்பி வந்து பக்கத்தில் நின்றான். "அக்கா, போடச் சொல்லவா?"

"உம்."

குழாயின் நடுவில் ஒரு கண்ணாடித் துண்டு இருந்தது. அதன் வழியாக எல்லாம் ஓடியது. பிறகு இரண்டு தரம் நல்ல தண்ணீர் விட்டு அலசினார் அந்த ஆள். கலங்கல் மங்கி, மங்கி, கண்ணாடியில் வெறும் தண்ணீர் வந்தது.

"நல்லா வேலை செஞ்சிருக்காங்கம்மா. எங்கேயும் தேங்கலை, ஒரே இழுப்புல வந்துடுச்சு," என்றார் அந்த ஆள். "தெளிஞ்சிடுச்சு. இனி உள்ளே ஒண்ணும் இல்லை."

நல்ல சேதி சொல்கிற மாதிரிதான் சொன்னார். அவள் தலையை ஆட்டினாள். அந்த ஆள் சுவிட்சை அணைத்தார்.