பயிற்சி வகுப்பில் புகைபோக்கி

அனல் மின்நிலையத்தை மூடிய பிறகு, அங்கே கொதிகலன் பிரிவில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்த இருதயராஜும் நிலையத்தின் புகைபோக்கியும் சூரிய மின்சாரப் பயிற்சியில் ஒரே வகுப்பில் சேர்ந்தார்கள். புகைபோக்கியைக் கடைசி பெஞ்சுக்குப் பின்னால் நிற்கச் சொன்னார்கள். அந்த இடத்தில் மட்டும் கூரை ஓடுகளை எடுத்திருந்தார்கள்.

இருதயராஜுக்குப் பாடம் ஏறவில்லை. நெருப்பின் நிறத்தைப் பார்த்தே கரி காய்ந்ததா ஈரமா என்று சொல்லக்கூடியவர் அவர். இங்கே நெருப்பும் இல்லை, இரைச்சலும் இல்லை. சோலார் பேனலில் காதை வைத்துப் பார்ப்பார். சத்தம் போடாத மின்சாரத்தை நம்பி எப்படி வயரைத் தொடுவது என்று மனைவி பிலோமினாவிடம் கேட்டார். அவளுக்கும் அப்படித்தான் இருந்தது. முன்பெல்லாம் புகை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்துத்தான் துணி காயப்போடுவாள். இப்போது எங்கே போட்டாலும் வெள்ளையாகவே காய்கிறது. மாலையில் மடிக்கும்போது என்னவோ குறைகிறது என்றாள்.

புகைபோக்கி எழுத்துத் தேர்வில் முதலாவதாக வந்தது. செய்முறையில்தான் சிக்கல். மதியம் தாண்டினால் அதன் நிழல் பேனல்கள்மேல் விழும். ஒரு பேனலில் நிழல் விழுந்தாலே வரிசை முழுக்க மின்சாரம் குறைந்துவிடும்.

கடைசித் தேர்வுக்கு இரண்டிரண்டு பேராகச் சேர வேண்டும். ஒருவர் தோற்றால் இருவருக்கும் வேலை இல்லை. இருதயராஜ் புகைபோக்கியோடு சேர்ந்தார். பாடம் நடத்திய ஷமீமா அவரைத் தனியே அழைத்தாள்.

"நீங்க வேற ஆளோட சேந்துக்கிடுங்க அண்ணாச்சி."

"இத்தன வருசம் இதுக்கு அடியிலதாம்மா நின்னேன். இனிமே யாரு நெழலுக்குப் போவேன்?"

அவள் இரண்டு பெயரையும் சேர்த்தே எழுதிக்கொண்டாள்.

தேர்வன்று வெளியே மைதானத்தில், இருதயராஜ் வயரைக் காதருகே கொண்டுபோய்ப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். அப்போது கடல்காற்று புகைபோக்கிக்குள் இறங்கி, காலை ஷிப்டில் கொதிகலன் சூடேறும்போது வரும் அதே ஓசையைக் கொடுத்தது. கை தானாக வயரை எடுத்தது. எல்லா இணைப்பையும் சரியாகக் கொடுத்து முடித்தார்.

மூன்று மணிக்கு நிழல் முதல் பேனலைத் தொட்டது. இருதயராஜ் புகைபோக்கியின் அடியில் போய் உள்ளங்கையை வைத்தார். முதல்முதலாகப் புகை வந்த அன்று எல்லோருக்கும் லட்டு கொடுத்ததையும், அதை அண்ணாந்து பார்த்த தலைமைப் பொறியாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டதையும் சொன்னார். லீவுக்கு ஊருக்குப் போய்த் திரும்பும்போது, ரயிலில் முதலில் கண்ணில் படுவது அதுதான் என்றும் சொன்னார். இதையெல்லாம் அதனிடம் இதுவரை யாரும் சொன்னதில்லை.

பிறகு, "படுத்துக்கோ, நான் இருக்கேன்" என்றார்.

ஒரு சில்லும் உதிராமல் அது படுத்து முடிக்க நாற்பது நிமிடம் ஆனது. தலை தரையைத் தொடும் இடத்தில் இருதயராஜ் தன் துண்டை விரித்தார். ஷமீமா மீட்டரைப் பார்த்துவிட்டு இரண்டு பெயருக்கும் நேராகக் குறியிட்டாள்.

திங்கட்கிழமை இருவருக்கும் அங்கேயே வேலை கொடுத்தார்கள். பேனல்களைப் புகைபோக்கியின் முதுகில் பொருத்த வேண்டும். இருதயராஜ் ஏணியோடு வந்தபோது, அது நின்றிருந்த இடத்துக்கு மேலே, பழைய உயரத்தில், காக்கைகள் வெறும் காற்றில் வட்டமாக உட்கார்ந்திருந்தன. எச்சம் விழாத தூரம் பார்த்து, அவர் முதல் பேனலை வைத்தார்.