பின்னங்கால் இல்லாத ஏழு நாற்காலிகள்

நல்லூரில் திருமூர்த்தி வீட்டுக் கூடத்தில் ஏழு நாற்காலிகள் இருந்தன. ஏழுக்கும் பின்னங்கால் கிடையாது. வளைந்த எஃகுக் குழாய் தரையில் படுத்து, முன்பக்கமாக எழுந்து, உட்காரும் இடத்தைத் தாங்கி, அப்படியே முதுகுக்கும் போய்விடும். பின்னால் வெறும் காற்று. சாய்ந்து உட்கார்ந்தால் தொட்டில் போல மெல்ல ஆடும்.

நூறு வருஷத்துக்கு முன்னால் ஐரோப்பாவில் யோசித்த உருவம். பனியன் ஏற்றுமதி செய்துகொண்டிருந்த காலத்தில், ஜெர்மனியில் சரக்கு வாங்கும் ஒரு பையரின் ஆபீசில் திருமூர்த்தி முதன்முதலாக இதில் உட்கார்ந்தார். அன்றைக்குப் பையர் சொன்னதற்கெல்லாம் தலையாட்டிவிட்டு வந்தார். ஆடியது தலையா, நாற்காலியா என்று அவருக்கே தெரியாது.

கம்பெனியைப் பங்காளிகளிடம் விட்டதும் வேட்டை ஆரம்பமானது. தாராபுரத்தில் ஒரு பல் டாக்டரின் வராந்தாவில் பிரம்புப் பின்னல் போட்டவை இரண்டு கிடைத்தன. மூடிப்போன ஒரு மில்லில் மூன்று. கோழிப்பண்ணையில் அடைக்கோழி உட்கார்ந்திருந்தது ஒன்று. அந்தக் கோழியை எழுப்பத்தான் பல் டாக்டரைவிட அதிகம் கெஞ்சவேண்டியிருந்தது. கடைசியானது பழைய இரும்புக்கடைத் தராசில் ஏறப்போன நொடியில் தப்பியது. அதை அவர் நெஞ்சோடு அணைத்துப் பஸ்ஸில் ஏறியபோது, கைக்குழந்தைக்காரர் என்று நினைத்து மூன்று பேர் எழுந்து இடம் விட்டார்களாம். தினமும் காலையில் துடைப்பார். அவர் ஒன்றைத் துடைத்து முடிப்பதற்குள் நொய்யல் ஆற்றில் வெள்ளம் வந்து வடிந்துவிடும்.

"ரெண்டு காலை எவனோ வித்துத் தின்னுட்டானாட்ட இருக்குது," என்பாள் மனைவி ரங்காத்தாள். அவள் விடும் பெருமூச்சுக்குக் கூடத்து ஃபேன் தானாகச் சுற்றும்.

இதெல்லாம் சிரிப்பாகத்தான் போய்க்கொண்டிருந்தது, தரணியைப் பார்க்கச் சோமனூரிலிருந்து ஆட்கள் வரும்வரை.

தரணி ஒரே மகள். கார்மெண்ட்ஸ் கம்பெனியில் மெர்ச்சண்டைசர், ஆர்டர் சரக்கைக் கவனிப்பவள். கூட வேலை செய்யும் நித்தீஷை அவளே தேர்ந்தெடுத்து, இரண்டு வருஷம் இரண்டு வீட்டையும் கரைத்து, இந்த ஞாயிற்றுக்கிழமைக்குக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தாள். பையனின் அம்மா பையில் மல்லிகைப்பூ எடுத்து வருவாள். எல்லாம் சரியென்றால் அங்கேயே தரணியின் தலையில் வைத்துவிடுவாள். வைத்துவிட்டால் பேச்சு முடிந்தமாதிரி.

"வாடகைக்குப் பிளாஸ்டிக் சேர் சொல்லிட்டீங்களா?" என்று ரங்காத்தாள் முந்தின நாளே கேட்டாள்.

"கேட்டேன். முகூர்த்த நாளு, ஒண்ணுகூட இல்லைங்கறான்."

அவர் கேட்கவே இல்லை. சோமனூர்க்காரர்கள் ஏழு பேர் வருகிறார்கள், தன்னிடம் ஏழு இருக்கிறது; இந்தப் பொருத்தத்துக்கு மேல் ஜாதகப் பொருத்தம் எதற்கு என்று உள்ளுக்குள் குதித்துக்கொண்டிருந்தார்.

வந்தார்கள். நித்தீஷின் அப்பா மகுடேஸ்வரன் விசைத்தறி முதலாளி. வாசற்படியில் அவர் செருப்பைக் கழற்றியபோது வீடே ஒரு பக்கம் சாய்ந்தமாதிரி இருந்தது. அத்தனை பெரிய உடம்புக்குள் அத்தனை சின்னக் குரல், அத்தனை பணிவு. கூடத்தில் மினுங்கியவற்றைப் பார்த்ததும் ஒரு நிமிஷம் தயங்கினார். பிறகு, பெண் கொடுக்கிற வீட்டில் பேச்சு முடிவதற்குள் காலை நீட்டிச் சாய்ந்து உட்காருவது மரியாதையில்லை என்று வளர்க்கப்பட்டவர், நாற்காலியின் விளிம்பில் ஒரு சாண் இடத்தில் உட்கார்ந்தார்.

திருமூர்த்திக்குத் தெரியும். அந்த நாற்காலி யானையைக்கூடத் தாங்கும், யானை சாய்ந்து உட்கார்ந்தால். விளிம்பில் உட்கார்ந்தால் ஆட்டுக்குட்டியையும் குப்புறத் தள்ளிவிடும்.

"மச்சான், நல்லாச் சாஞ்சு உக்காருங்க."

"இருக்கட்டுங்க."

"உங்க ஊடாட்ட நெனச்சுக்குங்க. பின்னால தள்ளி, சித்த நல்லா..."

"ஐயோ, போதுமுங்க," என்று மகுடேஸ்வரன் இன்னும் இரண்டு விரற்கடை முன்னால் நகர்ந்தார். உபசாரம் ஏற ஏற அவர் பணிவும் ஏறியது.

"ஏனுங்க, அவரப் போட்டுத் தொந்தரவு பண்றீங்க?" என்று ரங்காத்தாள் கண்ணாலும் வாயாலும் அதட்டினாள்.

விஷயத்தைச் சொல்லிவிடலாம். 'இப்படி உட்கார்ந்தால் கவிழும்' என்று மூன்றே வார்த்தை. ஆனால் சொன்ன மறு நொடி ஏழு பேரும் எழுந்துவிடுவார்கள். உள்ளேயிருந்து நசுங்கிய மடக்கு நாற்காலிகள் வரும். திருமூர்த்தி மறுபடியும் "சாஞ்சு உக்காருங்க" என்று மட்டும் சொன்னார்.

அதற்குள் தரணி காபித் தட்டோடு வந்தாள். மகுடேஸ்வரன் மருமகளாக வரப்போகிறவளிடம் ஒரு கையால் வாங்கக்கூடாது என்று இரண்டு கையையும் நீட்டி, முன்னால் குனிந்தார். நாற்காலியின் முதுகு மெதுவாக எழுந்தது. அவர் முழங்காலில் விழுந்து, தட்டின்மேல் விழுந்து, கடைசியில் வலது மணிக்கட்டின்மேல் விழுந்தார். காபி சுவரில் படம் வரைந்தது. வெறும் நாற்காலி ஒன்றுமே நடக்காததுபோல நிமிர்ந்து நின்று ஆடிக்கொண்டிருந்தது.

ஒருவரும் சிரிக்கவில்லை. பையனின் அம்மா பூப்பையின் ஜிப்பை இழுத்து மூடினாள். அந்தச் சத்தம் திருமூர்த்திக்குத் தறிச்சத்தம் போலக் கேட்டது.

ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டு அனுப்பினார்கள். சோமனூர்க் கார் அப்படியே போய்விட்டது. தரணி கூடத்தைத் துடைத்தாள். யாரையும் கிட்டே விடவில்லை.

"அப்பா, அது கவுறும்னு உங்களுக்குத் தெரியும்தானே?"

"நாந்தான் சாஞ்சு உக்காரச் சொன்னனே, அம்மணி."

"கவுறும்னு சொன்னீங்களா?"



மூன்று நாள் ஒரு தகவலும் இல்லை. நித்தீஷ்கூட அவளிடம், "அம்மா பேசமாட்டேங்கறாங்க" என்பதோடு நிறுத்திக்கொண்டான். தரணி வேலைக்குப் போனாள், வந்தாள். சாப்பாட்டுத் தட்டில் கோலம் போட்டாள். திருமூர்த்தி நாற்காலிகளைத் துடைக்கவில்லை. அந்த வீட்டில் அதுவே துக்கம் அனுசரித்த மாதிரி.

நாலாம் நாள் போன் வந்தது. மகுடேஸ்வரனே பேசினார். ரங்காத்தாள் போனை ஸ்பீக்கரில் போட்டு நடுவில் வைத்தாள். தரணி சுவரோரமாக நின்றாள்.

"கை பரவாயில்லீங்க. எம்மேலதான் தப்பு, ஒழுங்கா உக்காந்திருக்கோணும். பையனும் ஒரே புடியா நிக்கறான். வர்ற புதங்கிழமை வந்து பூ வெச்சர்லாமுங்க. ஒண்ணே ஒண்ணு... ஊட்ல பொம்பளைக மனசு சங்கடப்படுது. காலில்லாத சாமான் நல்ல காரியம் நடக்கற ஊட்ல வேண்டாங்கறாங்க. அதுக ஏழையும் ஒட்டுக்கா எங்கியாச்சும் குடுத்தனுப்பீட்டீங்கன்னா..."

ரங்காத்தாள் 'சொல்லுங்க' என்று தலையை ஆட்டினாள்.

சொல்லவேண்டியது ஒரு வார்த்தை. திருமூர்த்தி வாயைத் திறந்தார். மில்லிலிருந்து வந்த மூன்று கண்முன் வந்து நின்றன. தாராபுரத்துப் பிரம்புப் பின்னல் வந்தது. பங்காளி வீட்டு மாடியில் மறைத்து வைக்கலாமா, கல்யாணம் முடிந்ததும் திரும்ப... புத்தி எங்கெங்கோ ஓடியது. ஃபேன் சுற்றும் சத்தம் மட்டும் கேட்டது.

"ஹலோ? மச்சான், இருக்கறீங்களா?"

"இருக்கறனுங்க. ஆகட்டுங்க. இன்னிக்கே அனுப்பீர்றேன்."

அந்தப் பக்கம் பெரிய மூச்சு விட்டார்கள். ரங்காத்தாளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. போனை எடுத்துக்கொண்டு புதன்கிழமை எந்த நேரம் நல்ல நேரம் என்று விசாரித்தபடி சமையலறைக்குப் போனாள்.

திருமூர்த்தி திரும்பிப் பார்த்தார். தரணி சிரிக்கவில்லை.

"சரின்னு சொல்லக்கூட யோசிச்சீங்கல்லப்பா?"

"இல்ல கண்ணு, லைன் சரியாக் கேக்கல..."

"நல்லாத்தான் கேட்டுச்சு."

கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தேவலை. ஆபீசில் ஒரு சரக்கில் பழுது கண்டுபிடித்துக் குறித்து வைப்பவள் போலச் சொன்னாள். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அவர் பின்னாலேயே போய்க் கதவைத் தட்டக் கையை உயர்த்தினார். தட்டினால் என்ன சொல்வது? உலகத்தில் எதைப் பற்றியும் ஒன்றை ஒன்பதாக்கிப் பேசத் தெரிந்த மனுஷர், அந்தக் கதவுமுன் கையைத் தூக்கியபடியே நின்றார். சமையலறையில் ரங்காத்தாள் அடுத்த சொந்தக்காரருக்குப் போன் போட்டு, "ஆமாங்க, எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.