தொண்டாமுத்தூர் நகராது

அந்த வாரம் பூராவும் சசிதருக்குக் கால் தரையில் பாவவில்லை. பாவுமா பின்னே? ஆராய்ச்சி ஆராய்ச்சி என்று ஆறு வருஷமாகத் தொண்டாமுத்தூர் பஸ்ஸில் தொங்கினவன். இந்த வருஷமும் வெறுங்கையோடு நின்றால் கல்தாதான். கடைசியில் கிடைத்தேவிட்டது, ஒரு மெதுவான நிலநடுக்கம்.

நிலநடுக்கத்தில் ஏதய்யா மெதுவும் வேகமும் என்று கேட்கலாம். இருக்கிறது. அந்தமானுக்கு அடியில் பூமியின் ஒரு தட்டு இன்னொன்றுக்குக் கீழே நுழைகிறது. சும்மா வழுக்கிக்கொண்டு போய்விடாது, சிக்கிக்கொள்ளும். சிக்கின இடத்தில் இறுக்கம் ஏறிக்கொண்டே இருக்கும். ஒரே மூச்சில் விட்டால் ஊர் காலி. சில இடங்களில் வாரக்கணக்கில் நைசாக விட்டுக்கொடுக்கும். டம்ளர் தண்ணீர்கூட அலம்பாது. மேலே இருக்கிற நிலம் மட்டும் விரல்நகம் அளவுக்குப் பின்னால் போயிருக்கும். அங்கே விட்ட இறுக்கம் பக்கத்துப் பகுதியின் தலையில் ஏறிவிட்டதா என்பதுதான் படித்தவர்கள் கவலை.

சசிதர் அந்தமானில் மூன்று ஜி.பி.எஸ். கருவிகள் வைத்திருந்தான். மூன்றும் மேற்கே நகர்ந்திருந்தன. நகர்வதை அளக்க நகராத இடம் ஒன்று வேண்டுமே! அதற்காக நாலாவது கருவியைத் தன் வீட்டு மொட்டைமாடியில் நட்டிருந்தான். கல்லூரி மாடி முழுக்க சோலார் பலகை. தவிர, தொண்டாமுத்தூர் எங்கே ஓடிவிடப் போகிறது? ஐயாவுக்குச் சொந்த ஊர்மேல் அப்படியொரு நம்பிக்கை.

வழிகாட்டிப் பேராசிரியர் மதிவதனி வரைபடத்தை ரொம்ப நேரம் பார்த்தார்.

"நல்லாத்தானுங்க இருக்குது சசி. ஆனா மூணும் ஒரே அளவா நகருதுங்களே. வழுக்குன எடத்துக்குக் கிட்ட இருக்கறது ஜாஸ்தி, எட்ட இருக்கறது கம்மின்னு வரோணுமில்லீங்க? எதுக்கும் இன்னொருக்கா பாத்துருங்க."

கொங்குச் சீமையில் 'இன்னொருக்கா பாத்துருங்க' என்றால் 'தப்பு' என்று அர்த்தம். கைக்குழந்தைக்கும் தெரியும். சசிதர் மட்டும் 'நல்லாத்தானுங்க இருக்குது' என்பதைப் பிடித்துக்கொண்டு பஸ் ஏறினான்.

பேரூர் தாண்டும்போதுதான் உறைத்தது. மூன்றும் ஒரே அளவுக்கு மேற்கே போனதென்றால், போனது அந்தமான் இல்லை. நாலாவது கருவி கிழக்கே போயிருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் சாமான் அறையிலிருந்து கொத்தனார் தூக்குக்குண்டை எடுத்துக்கொண்டு மாடியேறினான். கிழக்குச் சுவரின் உச்சியிலிருந்து தொங்கவிட்டான். குண்டு அடிச்சுவரை ஒட்டி நிற்கவில்லை, மூன்று விரல் தள்ளி நின்றது. சுவர் கிழக்கே சாய்ந்திருந்தது. பொய் சொல்வானேன், அவனுக்கு முதலில் வந்தது வீட்டைப் பற்றிய பயம் இல்லை. ஆறு வருஷம் போச்சே என்கிற அழுகைதான். பேசாமல் கட்டுரையை அனுப்பிவிட்டால் என்ன என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது. அப்புறம் கீழே இறங்கினான்.

அப்பா கோவிந்தராஜுலு கிழக்கு அறைக் கதவைக் கழற்றிப்போட்டு இழைப்புளியால் அடியைச் சீவிக்கொண்டிருந்தார்.

"மழைக்கு மரம் ஊதிப்போச்சுடா, சாத்த மாட்டீங்குது" என்றார்.

"நைனா, இந்த ரூமு பழைய கெணத்து மேலதானுங்களே இருக்குது?"

"அது மூடின கெணறு. கல்லும் மண்ணும் கொட்டி, ரோலர் உட்டு ஏத்திப்போட்டுத்தான் கட்டுனேன். ஏன்?"

"ஊடு சாயுதுங்க. இந்தப் பக்கம் யாரும் படுக்க வேண்டாங்க."

அவருக்கு முகம் சிவந்துவிட்டது. "கருவி சொல்லுச்சாக்கும்! நான் முன்னறைக்குப் போய் நாலு மாசமாச்சு. கொரட்டை தாங்கலைன்னு உங்கம்மாதான் தொரத்திப்போட்டா. அவ இங்கதானே படுத்துக்கறா? ஒண்ணும் சொல்லலையே!"

அம்மா வெங்கடலட்சுமி ஈரக்கையை முந்தானையில் துடைத்தபடி சமையலறையிலிருந்து வந்தாள். கணவர் முகத்தைப் பார்க்கவில்லை.

"கொரட்டையெல்லாம் இல்ல கண்ணு. செவுத்துக்கும் தரைக்கும் நடுவால வெளக்குமாத்துக் குச்சி நொழையற அளவுக்கு வெடிப்பு உட்டுருச்சு. பயந்துபோய்த்தான் இவரை அங்க அனுப்பிச்சேன்."

"அப்ப நீ ஏம்மா இங்கயே படுத்தே?" என்றான் சசிதர்.

"ரெண்டு பேரும் போயிட்டா ஏன்னு கேப்பாரில்ல? கெணத்து மேல கட்ட வேண்டாம்னு அன்னிக்கே சொன்னவ நான். இப்பப் போய்ச் சொன்னா குத்திக்காட்டுற மாதிரி ஆயிருமில்ல கண்ணு?"

சசிதர் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். கட்டுரை, பட்டம் எதுவும் அப்போது ஞாபகத்தில் இல்லை.

கோவிந்தராஜுலு இழைப்புளியைக் கீழே வைத்தார். எழுந்து, கதவில்லாத வாசலைத் தாண்டி, அவளுடைய தலையணையையும் போர்வையையும் எடுத்துவர அந்த அறைக்குள் கால் வைத்தார்.

நாலு மாசமாக அந்தச் சுவரடியில் தூங்கி எழுந்தவள், "உள்ள போகாதீங்க!" என்று வீறிட்டாள்.