தக்காளி வேரில் நடந்த கபடி

வாடல் நோய்ப் பூஞ்சை பிடித்த தக்காளி வயலை ஒட்டன்சத்திரம் பக்கத்தில் கபடி ஆடித்தான் மீட்பார்கள். ஆட்டம் மண்ணுக்கடியில், பூஞ்சைக்கும் பாக்டீரியாவுக்கும். ஜெயிப்பவருக்கு வயல்.

மயிலாத்தாளின் வயல் காய் பிடித்திருந்த சமயத்தில் செடிகள் ஒவ்வொன்றாய்த் தலை சாய்ந்தன. அவள் நன்மை செய்யும் பாக்டீரியாவை வாங்கிவந்து மக்கிய எருவில் கலந்தாள். ஈரச்சாக்குப் போட்டு நிழலில் வைத்திருந்து, பெருகியதும் வேரோரம் இட்டு மண் அணைத்தாள். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து "கபடி கபடி" என்று சத்தம் வந்தது.

ஊரே வரப்பில் குப்புறப் படுத்து மண்ணில் காது வைத்தது. நடுவர் பள்ளிக்கூடத்து விளையாட்டு வாத்தியார் அருணகிரி. விசிலைக் கடித்துக்கொண்டு பாத்திக்கு நடுவே படுத்தார்.

பூஞ்சை பழம் தின்று கொட்டை போட்ட ஆட்டக்காரன். நூல் நூலாக நீண்டு, தன் எல்லையை விட்டு நகராமலே எதிராளியைத் தொட்டுவிடும். பாக்டீரியாவில் ஒருவன் பிடிபடும்போதெல்லாம் மேலே ஒரு செடி துவண்டது.

மயிலாத்தாளின் கொழுந்தன் கந்தவேல் பூஞ்சைக்கொல்லி டிரம்மை உருட்டிக்கொண்டு வந்து நிமிர்த்தினான்.

"அண்ணி, தோத்துக்கிட்டு இருக்கமுங்க. ஊத்திரட்டுமா?"

"ஊத்துனா நம்ம ஆளுகளும் செத்துப்போவாங்க தம்பி. உள்ள ஆடிக்கிட்டு இருக்காங்கல்ல?"

"செடி போயிருமுங்க!"

அவள் டிரம்மின் மூடிமேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

இடைவேளை வந்தது. மண்ணிலிருந்த இரும்புச்சத்தையெல்லாம் பாக்டீரியா முந்திக்கொண்டு சாப்பிட்டுவிட்டது. பூஞ்சை வெறும் வயிற்றோடு களம் இறங்கியது.

அதற்குப் பிறகு பிடிபட்ட பாக்டீரியா ஒவ்வொருவனும் வெளியேறுவதற்குள் இரண்டாகப் பிரிந்தான். பூஞ்சை ஆட்டத்தை நிறுத்தி முறையிட்டது. வரப்பு முழுக்க வாத்தியார் பக்கம் திரும்பியது.

அருணகிரி யோசித்தார். "பிடிபட்டவன் அவுட்டு. புதுசாப் பிறந்தவனை யாரும் தொடலையே? அவன் ஆடலாம்."

"அப்படிப் போடுங்க வாத்தியாரே!" என்று மயிலாத்தாள் டிரம்மிலிருந்து குதித்தாள். கந்தவேல் துண்டைச் சுழற்றினான். "விடாதீங்கடா! காலைப் பிடிங்கடா!" என்று ஊர் மண்ணைத் தட்டித் தட்டிக் கத்தியது. பூஞ்சைக்குக் கால் இல்லாததால் பாக்டீரியாக்கள் நூலைப் பிடித்தார்கள். நூல் அறுந்தது. கபடி பாடியபடி உள்ளே போன கடைசிப் பூஞ்சைக்குப் பாதியிலேயே மூச்சு முட்டியது.

வாத்தியார் விசில் ஊதினார். துவண்ட செடிகள் விருட்டென்று நிமிர்ந்தன. மயிலாத்தாள் கண்ணைத் துடைக்கக்கூட நேரமில்லாமல் சிரித்தாள். கந்தவேல் வாத்தியாரைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டான்.

ஜெயித்த பாக்டீரியாக்கள் காயோடு செடிகளைத் தூக்கிக்கொண்டு வெற்றி ஊர்வலம் கிளம்பினார்கள். வயல் முழுவதும் வாய்க்காலைத் தாண்டித் தெருவுக்கு வந்தது. வேர் காயக்கூடாதென்று மயிலாத்தாள் குடத்துத் தண்ணீரைத் தெளித்துக்கொண்டே பின்னால் ஓடினாள்.

கோயில் முக்கில் எதிரே தன் ஆட்டத்தை ஜெயித்த ஒரு கத்தரி வயல் மேளத்தோடு வந்துகொண்டிருந்தது. தெரு குறுகலாக இருந்ததால் தக்காளி ஓரமாக ஒதுங்கி வழிவிட்டது.