அடித்த பெயர்

குளிர்காலத்தில் அந்த வட்டாரத்து மூன்று கிறிஸ்தவ சபையாரும் ஆளுக்கொரு பக்கமாகப் போர்வை கொடுப்பார்கள். ஒரு வீட்டுக்கு மூன்று கிடைக்கும், பக்கத்து வீட்டுக்கு ஒன்றும் இருக்காது. அந்த வருடம்தான் மூவரும் கைகோத்து ஒரே பட்டியல் போட்டார்கள். இரண்டு முறை வந்த பெயர்களை அடிக்கும் வேலை தையல்காரியிடம் வந்தது. கிழிந்த போர்வைகளைத் தைத்துக் கொடுப்பவளும் அவள்தான். சாமான்களைச் சேர்த்து வைத்த பொதுக் கூடத்தின் மூலையில் அவளுடைய தையல் மிஷின் கிடந்தது.

அடித்துக்கொண்டே வந்தவளின் பேனா அண்ணியின் பெயரில் நின்றது. அண்ணனை எந்தச் சபையில் அடக்கம் செய்வது என்று மூண்ட சண்டையில் அண்ணி வேறு சபைக்குப் போய் நான்கு வருடம். முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அந்தப் பெயர் ஒரே ஒரு முறைதான் இருந்தது. தையல்காரி அதையும் அடித்து, பக்கத்தில் 'ஏற்கெனவே கொடுத்தாயிற்று' என்று எழுதினாள். உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

மூன்று வாரம் கழித்து, சாமான் ஏற்ற வந்த வேன் டிரைவர் பேச்சுவாக்கில் ஒரு வீட்டைப் பற்றிச் சொன்னார். யாரோ ஒரு அம்மா குளிருக்கு அலமாரிக் கதவை உடைத்து எரிக்கிறாளாம், சின்னப் பெண் நெஞ்சுச் சளியோடு ஆஸ்பத்திரிக்குப் போய்வந்ததாம். எந்த வீடு என்று கேட்டாள்; அவர் சொன்னது அண்ணியின் வீடு. மிஷினை மிதித்த கால் அப்படியே நின்றுவிட்டது.

இரண்டு போர்வையையும் ஒரு ஹீட்டரையும் தூக்கிக்கொண்டு ஓடினாள். ஜன்னல் இடுக்கெல்லாம் பழைய துணி செருகியிருந்தது. கட்டிலில் அண்ணன் மகள் இழுத்து இழுத்து மூச்சு விட்டாள். தையல்காரி வாசலில் நின்றபடியே செய்ததைக் கொட்டிவிட்டாள்.

"தெரியும்" என்றாள் அண்ணி. "கேக்கலாம்னு கூடத்துக்கு வந்தேன். லிஸ்டைக் காட்டினாங்க. உன் கையெழுத்து எனக்குத் தெரியாதா?"

"அங்கேயே சொல்லியிருக்கலாமே அண்ணி."

"சொன்னா உன்னை அனுப்பிடுவாங்க. மத்த வீட்டுக்கெல்லாம் யார் தைச்சுக் கொடுப்பா?" மகளின் நெஞ்சைத் தடவிவிட்டாள். "அதுக்காகக் கோபம் இல்லைன்னு நினைக்காதே. இவளுக்கு மூச்சு திணறினப்ப உன்னைத் திட்டாத திட்டு இல்லை. போர்வையை அங்க வை."

மறுநாள் மூன்று போதகர்களும் கூடியிருந்தபோது தையல்காரி தானே போய்ச் சொன்னாள். பட்டியலை வாங்கிக்கொண்டார்கள்; மிஷினை விட்டுவைத்தார்கள். பத்து நாளில் குழந்தை தேறிவிட்டாள். அண்ணியும் இப்போது வழியில் பார்த்தால் ஒன்றிரண்டு வார்த்தை பேசுகிறாள்.

ஆனால் கூடத்தில் எந்தக் குழந்தை இருமினாலும் தையல்காரிக்குத் தையல் கோணிப் போகிறது. பிரித்துவிட்டு மறுபடி தைக்கிறாள்.