கொடுமுடியில் முங்கியவர்கள்

"தோத்திரமுங்க டீச்சரம்மா. ஹால் சாவியைக் குடுத்துபோடுங்க."

நஞ்சுண்டன் இதைச் சொன்னது ஒரு திங்கட்கிழமை காலையில், பழனியாத்தாள் வீட்டு வாசலில், செருப்பைக் கழற்றாமல். எங்கள் போத்தனூர் சபைக்குப் பதினான்கு வருஷமாக அவன்தான் செயலாளர். முழுப்பெயர் பால் நஞ்சுண்டன். தேர்தல் நோட்டீஸில் மட்டும் பால் வரும்.

"எந்த ஹாலுங்க?"

"சண்டே ஸ்கூல் ஹாலுதானுங்க. வேற எது இருக்குது நம்மகிட்ட?"

"பிள்ளைக எங்க உக்காரும்?"

"எத்தனை பிள்ளைங்க?"

"ஆறு."

"ஆறு பிள்ளைக்கு நாப்பதடி ஹாலுங்களா? பல்லடத்துல ஒரு பார்ட்டி கோழித்தீவன மூட்டை அடுக்க எடம் கேக்கறாருங்க. நம்மாளு இல்லை, ஆனா கர்த்தர் பயம் உள்ளவரு."

"மூட்டை அடுக்கறதுக்குக் கர்த்தர் பயம் எதுக்குங்க?"

நஞ்சுண்டன் சிரித்தான். அவனுக்குக் கோபமே வராது. கமிட்டியில் இருப்பவர்களுக்கு அது ஒரு வரம்.

"சபை தேஞ்சுபோச்சுங்க டீச்சரம்மா. முந்நூறு பேர் வந்த எடத்துல அறுவது பேர் வாராங்க. எதார்த்தத்தைப் பாக்கோணுமல்லங்க."

"தேஞ்சுதுன்னு சொல்றீங்க. தேச்சது யாருன்னு நான் கேக்கலையே."

பழனியாத்தாளுக்கு ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் எஸ்தர். பெற்ற தாய்கூட அவளை அப்படிக் கூப்பிட்டதில்லை. ஆரம்பப் பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். முப்பத்தொரு வருஷமாக ஞாயிறு மாலை மூன்று மணிக்கு அந்த ஹாலில் பிள்ளைகளை உட்காரவைத்துப் பாடம் சொல்லிவருகிறாள். நஞ்சுண்டனும் அங்கேதான் பத்துக் கட்டளை ஒப்பித்தான். ஏழு வரைக்கும் தடங்கல் இராது. எட்டாவது வந்தால் திக்குவான். எட்டாவது, திருட்டைப் பற்றியது.

"சாவி தர மாட்டேனுங்க," என்றாள் பழனியாத்தாள். "பொதுக்கூட்டத்துல கேட்டுப்போட்டு வாங்க."

"பொதுக்கூட்டம் கூட்டோணும்னா இருபத்தஞ்சு பேர் கையெழுத்து வேணுமுங்களே."

"வாங்கியாரேன்."

"வாங்குங்க," என்று சொல்லி ஸ்கூட்டரை உதைத்தான். சபைக்கு ஆள் சேராது என்பதில் அந்தச் சபையின் செயலாளருக்கு அவ்வளவு நம்பிக்கை.

அன்று மாலை அவள் மகன் தமிழ்ச்செல்வன் வந்தான். பட்டறையில் சூப்பர்வைசர். நாலு வருஷத்துக்கு முன்பே எங்கள் சபையை விட்டுவிட்டு, சுந்தராபுரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் கூடும் புதுச் சபையில் சேர்ந்தவன். சேர்ந்ததிலிருந்து அவன் பேச்சில் ஒரு மைக் ஒட்டிக்கொண்டது.

"செத்த பொணத்துக்குப் பவுடர் அடிக்கறீங்கம்மா நீங்க."

"உசுரு இருக்குதா இல்லையான்னு நீ எப்ப வந்து பாத்த?"

"ஐயரு என்ன பிரசங்கம் பண்றாருன்னு எனக்குத் தெரியாதுங்களா? எட்டு நிமிஷம் பிரசங்கம், இருபது நிமிஷம் அறிவிப்பு. அந்த அறிவிப்புலயும் பாதி கோர்ட்டு கேசு."

எங்கள் பக்கத்தில் பாதிரியாரைத்தான் ஐயர் என்போம். பையன் சொன்னதில் பொய் இல்லை. எங்கள் கோயிலில் ஆண்டவர் பெயருக்கு அடுத்தபடியாக அதிகம் சொல்லப்படும் பெயர் வக்கீலுடையது.

"எனக்கும் தெரியும் கண்ணு. அதைச் சரிபண்ணோணும்னுதான் கையெழுத்து வாங்கறேன்."

"முப்பது வருஷமாச் சரிபண்றீங்க. என்ன ஆச்சுங்க? வெளிய வந்துருங்கம்மா. எங்க சபைக்கு ஆயிரம் பேர் வாராங்க."

"சந்தைக்கும்தான் வாராங்க."

"கிண்டல் பண்ணாதீங்க."

"கிண்டல் இல்லை. ஊடு ஒழுகுதுன்னா ஓட்டை மாத்துவனா, பக்கத்து ஊட்டுல போய்ப் படுப்பனா?"

"ஓடு மாத்த விட்டாத்தானுங்களே. ஏணியையே நஞ்சுண்டண்ணன் தூக்கீட்டுப் போயிட்டாரே."

பழனியாத்தாள் சிரித்துவிட்டாள். மகனிடம் அவளுக்கு ஒரு மரியாதை உண்டு. ஊரில் எத்தனையோ பேர் புதுச் சபைக்குப் போகிறார்கள். முறையாக ஐயரிடம் கடிதம் கொடுத்து, பேரை எடுக்கச் சொல்லிவிட்டுப் போனவன் அவன் ஒருவன்தான்.

"சரிங்கம்மா. பொதுக்கூட்டத்துல தோத்துட்டா?"

"தோத்தா உன்ற மண்டபத்துக்கு வாரேன்."

"வாக்குங்களா?"

"வாக்குத்தான். போ."

ஐந்து நாளில் முப்பத்தொரு கையெழுத்து. அவளே நம்பவில்லை. கேட்ட இடத்திலெல்லாம் உட்காரச் சொல்லி, காப்பி கொடுத்து, கையெழுத்தும் போட்டார்கள். மாதர் சங்கத்தில் அவளுக்கு இருபது வருஷத் தோழியான பாப்பாயி, பேனாவைப் பிடுங்கிக் கையெழுத்துப் போட்டாள்.

"விடக்கூடாதுங்கக்கா. நம்ம பிள்ளைக படிச்ச எடம். அதுல கோழிக்குத் தீனியா?"

"கூட்டத்துக்கு வருவியா?"

"மொத ஆளா வாரேன். இவனுகளை ஒட்டுக்காத் தொடச்சு எறியோணுமுங்க. சபைக்கு ஒரு எழுப்புதல் வரோணும்."

எழுப்புதல் என்ற சொல்லைப் பாப்பாயி எங்கிருந்து பிடித்தாள் என்று பழனியாத்தாள் அப்போது யோசித்திருக்கலாம். எங்கள் சபையில் அந்தச் சொல் புழங்கி ரொம்ப வருஷமாகிறது. யோசிக்கவில்லை. மனசு குளிர்ந்துபோயிருந்தது.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கூட்டம். ஐயர் நடுவில் நின்றார். அவர் ஐந்து வருஷமாக எங்களிடம் இருக்கிறார். ஜூனில் மாற்றல் வரும். நல்ல ஊராக வரவேண்டுமென்றால் யாரையும் பகைக்கக்கூடாது.

"ரெண்டு பக்கமும் நியாயம் இருக்குதுங்க," என்று ஆரம்பித்தார்.

"இன்னும் யாரும் பேசவே இல்லீங்களே ஐயா," என்றாள் பழனியாத்தாள்.

பேசினாள். முந்நூறு பேர் அறுபதானது எப்படி என்று சொன்னாள். பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டு இருபது வருஷம் கழித்துச் சபையில் ஆள் இல்லையே என்று தேடுவது எந்த ஊர் புத்தி என்று கேட்டாள். முப்பத்தொரு தலை ஆடியது. நஞ்சுண்டன் பக்கம் இருபத்துநாலு தலை அசையாமல் இருந்தது. கணக்குத் தெரிந்துவிட்டது.

நஞ்சுண்டன் எழுந்தான்.

"ஓட்டுக்கு முன்னால ஒரு சின்ன சந்தேகமுங்க ஐயா. வேற சபையில போய் முழுக்கு ஞானஸ்நானம் எடுத்தவங்க நம்ம சபையில உறுப்பினருங்களா?"

"இல்லைங்க. சட்டப்படி பேர் எடுபட்டுப்போகும்."

"ஓட்டுப் போடலாமுங்களா?"

"கூடாதுங்க."

"அவ்வளவுதானுங்க," என்று சொல்லி, சட்டைக்குள்ளிருந்து ஒரு பத்திரிகையை எடுத்தான். வழவழப்பான அட்டை. சுந்தராபுரம் மண்டபத்துக்காரர்கள் மாதாமாதம் போடுவது. நடுப்பக்கத்தை விரித்தான். கொடுமுடியில் காவேரிக்குள் இடுப்பளவு தண்ணீரில் வெள்ளைச் சேலையும் வேட்டியுமாக வரிசையாக நிற்கும் ஆட்கள். மேலே, செத்த சபைகளிலிருந்து மீண்டு வந்தவர்கள் என்று தலைப்பு. கீழே பெயர்ப் பட்டியல். பெயர், அப்பா அல்லது புருஷன் பெயர், ஊர் எல்லாம் துல்லியமாக.

யாருக்கும் தெரியாமல் முங்கப் போனவர்கள் அச்சில் பேர் வரவேண்டும் என்று ஆசைப்பட்டிருக்கிறார்கள். எங்கள் ஜனம் எங்கள் ஜனம்தான்.

நஞ்சுண்டன் வாசித்தான். ஒவ்வொரு பெயருக்கும் ஒருவர் மின்விசிறியைப் பார்த்தார்.

"பாப்பாயி, போத்தனூர்."

"அது வேற பாப்பாயிங்க," என்றாள் பாப்பாயி.

"போட்டோவுல நனைஞ்ச சீலையோட நிக்கறதும் வேற பாப்பாயிங்களா? மூணாவது ஆளு. வாயைத் தொறந்துட்டு இருக்கறீங்க."

"தண்ணி சில்லுனு இருந்துச்சுங்க," என்றாள் பாப்பாயி, தன்னையறியாமல்.

பத்தொன்பது பெயர். பத்தொன்பதும் பழனியாத்தாளின் தாளில் கையெழுத்துப் போட்டவை. வாசித்து முடித்து நஞ்சுண்டன் பத்திரிகையை மடிக்கும்போது அவள் கையை நீட்டினாள்.

"சித்தெ குடுங்க, பாக்கலாம்."

கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தாள்.

"இருபது பேர் இருக்குதுங்களே. கடைசிப் பேரை விட்டுப்போட்டீங்க. கருப்பாத்தாள், கணவர் பால் நஞ்சுண்டன்."

கோயில் முழுக்கப் பெண்கள் பக்கம் திரும்பியது. கருப்பாத்தாள் முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"ஆவிக்குரிய விஷயத்துல நான் தலையிடறதில்லைங்க," என்றான் நஞ்சுண்டன். முகம் கொஞ்சமும் மாறவில்லை.

"அப்படீன்னா அந்த அம்மாவும் ஓட்டுப் போட முடியாதுங்க," என்றார் ஐயர், ரொம்பத் துணிச்சலாக.

பன்னிரண்டுக்கு இருபத்துமூன்று. பழனியாத்தாள் இடுப்பிலிருந்து சாவியை எடுத்து ஐயர் கையில் வைத்தாள்.

வெளியே வேப்பமரத்தடியில் பாப்பாயி அவளுக்காக நின்றாள்.

"கோவமுங்களாக்கா?"

"எப்ப முங்குன?"

"மாசி மாசமுங்க. முட்டிவலிக்கு ஜெபம் பண்றாங்கன்னாங்க. பஸ்ஸு விட்டாங்க. அங்க போனா எல்லாரும் எறங்குனாங்க, நானும் எறங்கிப்போட்டேன்."

"வலி போச்சா?"

"அன்னைக்குக் கொறைஞ்ச மாதிரி இருந்துச்சுங்க."

"செரி. அங்க முங்குனவ அங்கயே இருக்க வேண்டியதுதான. இங்க எதுக்கு?"

"அங்க கல்லறைத் தோட்டம் இல்லீங்களேக்கா. மண்டபத்துல எங்கீங்க பொதைக்கறது? எங்க ஊட்டுக்காரரு இங்கதான படுத்திருக்காரு."

"மத்தவங்க?"

"பிள்ளைக கல்யாணம்னா மணி அடிக்கற கோயில் வேணுமுங்கல்ல."

"அப்ப உசுரோட அங்க, பொணமா இங்க. உன்னையெல்லாம் கூட வெச்சுக்கிட்டு நான் சபையைத் திருத்தக் கெளம்புனேன் பாரு."

பாப்பாயி அழுதாள். பழனியாத்தாள் பார்த்துக்கொண்டே நின்றாள். கைக்குட்டை கொடுக்கவில்லை.

அடுத்த ஞாயிறு, வாக்குப்படி, மகன் ஸ்கூட்டரில் ஏறி மண்டபத்துக்குப் போனாள். மூன்று நாள் முன்பு யாருக்கோ கல்யாணம் நடந்த மேடை. மணப்பெண் பெயரில் பாதி எழுத்து இன்னும் சுவரில் ஒட்டியிருந்தது. கீபோர்டு, டிரம்ஸ், பிளாஸ்டிக் நாற்காலிகள். இரண்டாவது வரிசையில் எங்கள் பத்தொன்பது பேரும், கைகளைத் தூக்கிக்கொண்டு. கருப்பாத்தாள் முன்வரிசை.

பாஸ்டர் வெள்ளை சஃபாரியில் இருந்தார். பாடல் முடிந்ததும் மைக்கைப் பிடித்தார்.

"நாப்பது வருஷமா ஒரு செத்த சபைக்குள்ள அடைபட்டுக் கெடந்த ஒரு தாயைக் கர்த்தர் இன்னைக்கு வெளியே கொண்டுவந்திருக்காரு. அம்மா, வந்து ரெண்டு வார்த்தை சாட்சி சொல்லுங்க."

கீபோர்டுக்காரன் உருக்கமாக ஏதோ வாசிக்க ஆரம்பித்தான். பழனியாத்தாள் மேடையேறினாள்.

"எல்லாருக்கும் தோத்திரமுங்க. என்னை யாரும் கொண்டுவரலைங்க. ஓட்டுல தோத்துட்டு, மகனுக்குக் குடுத்த வாக்குக்காக வந்தேன். அந்தத் தம்பியைக் கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்க, பேசறது எனக்கே கேக்கலை."

கீபோர்டு நின்றது.

"ஆயிரம் பேர்னு மகன் சொன்னான். இருக்கறீங்க, சந்தோசம். ஒண்ணு கேக்கறேனுங்க பாஸ்டர். பிள்ளைக ஒண்ணையும் காணமே?"

"அவங்க கீழ சாப்பாட்டு ஹால்ல இருக்காங்கம்மா. இங்க இருந்தா ஆராதனைக்கு இடைஞ்சல்."

"யாரு சொல்லிக் குடுக்கறாங்க?"

"டெக்கு வெச்சிருக்கோம்மா. வீடியோ ஓடும். நல்லா அமைதியா இருப்பாங்க."

"என்ன வீடியோங்க?"

பாஸ்டர் மைக்கை வாங்க வந்தார். அவள் தரவில்லை.

"அங்க கோழித்தீவனம். இங்க வீடியோ. ரெண்டு எடத்துலயும் பிள்ளைகதான் இடைஞ்சல். இதுக்கு நான் எதுக்குங்க முங்கோணும்?" என்றவள், இரண்டாவது வரிசையைப் பார்த்தாள். "நீங்கல்லாம் இனி தைரியமா இங்கயே இருக்கலாமுங்க. அங்க பேரை எடுத்தாச்சு. பாஸ்டர்கிட்டச் சொல்லி ஒரு கல்லறைக்கு எடம் வாங்கிக்குங்க."

மைக்கைப் பாஸ்டர் கையில் கொடுத்துவிட்டு இறங்கினாள். தமிழ்ச்செல்வன் வாசல்வரை ஓடிவந்தான்.

"அம்மா, வாக்குக் குடுத்தீங்க."

"வந்துபோட்டேனல்ல. இருக்கறேன்னு சொல்லலை."

"மானத்தை வாங்கிட்டீங்க. அப்ப அந்தத் திருட்டுக் கும்பலோடதான் இருக்கப் போறீங்களா?"

"திருட்டுக் கும்பல்னு தெரிஞ்சுதான் இருக்கறேன். நீ உன்ற பாஸ்டரையும் ஒருநாள் தெரிஞ்சுக்குவ. அதுக்கு அப்பறம் எங்க போவ? இன்னொரு மண்டபத்துக்கா?"

அவள் பஸ் ஏறினாள்.

மாலை மூன்று மணிக்கு ஹால் கதவில் புதுப் பூட்டுத் தொங்கவில்லை. கதவு திறந்தே கிடந்தது. உள்ளே ஆளுயரத்துக்குத் தீவன மூட்டை. கமிட்டிக்காரர்கள் ஏழு பேரும் வழக்கமாக அந்த ஹாலில்தான் கூடுவார்கள். தாங்கள் உட்காரும் இடத்தையும் சேர்த்தே பல்லடத்துக்காரரிடம் கொடுத்துவிட்டோம் என்பது அவர்களுக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. கோயிலுக்குள் போனார்கள். முன்பெஞ்சில் பழனியாத்தாளும் ஆறு பிள்ளைகளும்.

"டீச்சரம்மா, மீட்டிங் இருக்குதுங்க," என்றான் நஞ்சுண்டன்.

"நடத்துங்க."

"பிள்ளைக இருக்குதுங்களே."

"சத்தம் போடாதுக. கேட்டுக்கிட்டு இருக்கும்."

"கொஞ்சம் ரகசியமான விஷயமுங்க."

"கோயிலுக்குள்ளயா?"

நஞ்சுண்டன் ஐயரைப் பார்த்தான். ஐயர் பீடத்தைப் பார்த்தார். பழனியாத்தாள் ஒரு சிறுமியை எழுப்பி நிறுத்தி, "பத்துக் கட்டளையைச் சொல்லு கண்ணு, மொள்ள, நிறுத்தி நிறுத்தி," என்றாள். சிறுமி மூன்றாவதில் இருக்கும்போதே கமிட்டி வெளியேறிவிட்டது. மூட்டைகளுக்கு நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். தவிட்டுத் தூசியில் ஒருவர் மாற்றி ஒருவர் தும்முவது கோயில்வரை கேட்டது.

பாடம் முடிய நாலேகால் ஆயிற்று. அடுத்த ஞாயிறு மூன்று மணிக்கு நஞ்சுண்டன் கோயிலையும் பூட்டிவைப்பான் என்பது அவளுக்குத் தெரியும். காலை ஆராதனை பதினொன்றுக்கு முடிந்து, கோயில் வேலை பார்க்கும் கோயில்குட்டி பெருக்கிவிட்டுப் பூட்ட ஒரு மணியாகும்.

"அடுத்த வாரம் மூணு மணிக்கு வேண்டாம்," என்றாள் பிள்ளைகளிடம். "ஆராதனை முடிஞ்சா யாரும் எந்திரிக்கக் கூடாது. ஊட்டுல சொல்லிப் பொட்டலம் கட்டிக்கிட்டு வந்துருங்க. இங்கயே சாப்பிடலாம்."