காளிச்சாமியின் விலா எலும்பு

1

இந்தக் கதை என்னுடையதல்ல. கோவிந்தாபுரத்தில் பஸ்ஸுக்காக ஒரு கருவாட்டுக் கடையில் ஒதுங்கி நின்றபோது, கடைக்கார அம்மாள் மும்தாஜ் சொன்னது. அவர் இருபது நிமிடத்தில் சொல்லி முடித்தார். நான் பதினோரு மாதமாக எழுதிக்கொண்டிருக்கிறேன்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "ஆதியில் கடல் இருந்தது. கடலின் மடியில் காலம் என்னும்..."

நிறுத்திவிட்டேன். கருவாட்டுக் கடையில் கேட்ட கதைக்கு அவ்வளவு காலம் தேவையில்லை.

அடுத்தது: "1954 மாசி மாதம், உமர் ராவுத்தர் கருவாடு எடுக்கப் பொன்னானிக்குப் போனார்." அழகில்லை. ஆனால் உண்மை. இதுவே இருக்கட்டும்.

2

உமர், மும்தாஜின் அப்பா; அவர் பேச்சில் 'அத்தா'. பொன்னானிக் கடற்கரையில் அவர் காலில் ஏதோ இடறியது. முழ நீளம், வளைந்த உடம்பு, உலக்கைப் பருமன், பழுப்பு நிறம். தூக்கினால் கல்லின் கனம். கடையில் சாக்கு காற்றில் பறக்காமலிருக்க உதவுமே என்று கூடையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார்.

மூன்றாம் நாள் கடைக்கு வந்த உள்ளூர் விவசாயி சென்னிமலை அதைப் பார்த்தார்.

"என்னங்க ராவுத்தரே இது?"

"எலும்பாட்ட இருக்குதுங்க. பொன்னானிக் கடக்கரையில கெடந்துச்சு."

பொன்னானி என்றதும் சென்னிமலையின் முகம் மாறியது. அவருடைய அண்ணன் காளிச்சாமி நான்கு வருடம் முன்பு வெல்ல வண்டியோடு பொன்னானிக்குப் போனவர். வண்டியும் மாடும் திரும்பி வந்தன, அவர் வரவில்லை. அண்ணன் பங்கு நிலமான காட்டில் அண்ணி ராசம்மாள் தனியாக நிலக்கடலை பயிரிட்டுக்கொண்டிருந்தாள். 'அவரு வருவாரு' என்று அவள் சொல்லும்வரை யாரும் அவளை அசைக்க முடியாது. அவர் செத்தது உறுதியானால் அவளைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிட்டுக் காட்டைத் தன் காட்டோடு சேர்த்துக்கொள்ளலாம் என்பது சென்னிமலையின் கணக்கு.

(முதல் மூன்று கையெழுத்துப் படிகளில் சென்னிமலைக்கு முறுக்கு மீசை வைத்திருந்தேன். படித்துக் காட்டியபோது மும்தாஜ் தடுத்தார்: "அவருக்கு மீசையே இல்லீங்க. நல்ல மனுசன். காட்டைக் கண்டா மட்டும் புத்தி கெட்டுப்போகும்." மீசையை எடுத்துவிட்டேன்.)

3

அன்று மாலையே சென்னிமலை போலீஸ் ஏட்டையாவைக் கூட்டி வந்தார். காளிச்சாமி காணாமல் போன வழக்கு நான்கு வருடமாக ஏட்டையாவின் கழுத்தில் தொங்கியது. அவர் எலும்பில் சணல் கட்டி, சீட்டில் எழுதினார்: 'காளிச்சாமி. விலா எலும்பு. ஒன்று.'

ராசம்மாளை வரச் சொன்னார்கள்.

"அம்மிணி, மனசைத் தேத்திக்க. உம்புருசன் கெடைச்சுட்டான். இதுல ஒரு கைநாட்டு வெச்சுரு."

ராசம்மாள் எலும்பை இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்துக் கீழே வைத்தாள்.

"ஏனுங்க, இது ஒண்ணே இத்தனை கனம்னா, மத்த இருவத்திமூணையும் வெச்சுக்கிட்டு அவரு எப்படிங்க நடந்திருப்பாரு?"

"கடத்தண்ணியில ஊறியிருக்கும்."

"எலும்பு ஊறுமுங்களா?"

"அண்ணன் திடமான ஆளுங்க," என்றார் சென்னிமலை.

"திடமா! ஒரு கொடம் தண்ணி தூக்கச் சொன்னா அரைக்கொடம்தான் தூக்குவாரு."

(இந்த இடத்தில் அவளைச் சிரிக்க வைத்திருந்தேன். அது பொய். பேசும்போது கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி வைத்திருந்தாளாம். கைநாட்டு வைத்தால் காடு போய்விடும். வைக்காவிட்டால் ஏட்டையா விடமாட்டார்.)

அந்தக் கையைப் பார்த்துத்தான் உமர் வாய் திறந்தார். எலும்பைக் கொண்டுவந்த பாவம் அவருடையதல்லவா.

"ஏட்டையா, பாலக்காட்டுக் காலேஜுல மிக்கேல் சார்னு, மிருகங்களைப் பத்திப் பாடம் சொல்றவரு இருக்காருங்க. அவருகிட்டக் காட்டிப்போட்டுக் கைநாட்டு வாங்கலாமுங்களே."

4

மறுநாள் காலை நால்வரும் பஸ் ஏறினார்கள். சாக்கில் என்ன என்றார் கண்டக்டர். 'பிரேதம்' என்றார் ஏட்டையா. பிரேதத்தை ஏற்ற முடியாதென்று கண்டக்டர் விசில் ஊதிவிட்டார். பஸ்ஸே நின்றுவிட்டதும் சென்னிமலை பதறினார்:

"ஐயோ, இது வெறுங் கல்லுங்க!"

"கேட்டுக்குங்க ஏட்டையா," என்றாள் ராசம்மாள்.

மிக்கேல் சார் எலும்பைத் திருப்பினார், தட்டினார், முகர்ந்தார். பிறகு நாக்கை நீட்டி அதன் முனையை ஒரு நக்கு நக்கினார்.

"என்ர அண்ணனை நக்கிப்போட்டாருங்க!" சென்னிமலை அலறிவிட்டார்.

"பழைய எல்லு ஆணெங்கில் நாக்குல ஒட்டும், அதான் நோக்கினேன்," என்றார் மிக்கேல் சார், மலையாளம் கலந்த தமிழில், நிதானமாக வாயைத் துடைத்துக்கொண்டு. "இது மனுஷன்டெ எல்லு அல்ல. கடல்பசுன்னு ஒரு ஜந்து. புல்லு தின்னும். தண்ணியில தாழ்ந்து கிடக்கணும்னு அதுக்கு விலா இத்தனை கனம். மண்ணுக்கடியில கிடந்து கல்லாயிப் போச்சு."

"எத்தனை வருசமிருக்குமுங்க?"

"ஆயிரக்கணக்கில் உண்டு."

"அண்ணன் போயி நாலு வருசந்தானுங்களே," என்றார் சென்னிமலை. அவர் குரல் இறங்கிவிட்டது. அப்படியே தரையில் உட்கார்ந்தார். "அப்ப எங்கண்ணன் ஒரு துண்டுகூடக் கெடைக்கலீங்களா?"

காட்டுக்காக எலும்பைப் பிடித்தவர்தான். ஆனால் முந்தின ராத்திரி அதைத் தன் வீட்டில் வைத்து, விளக்கேற்றி, பக்கத்திலேயே படுத்திருந்தாராம். குலுங்கிக் குலுங்கி அழுதார். ஏட்டையா ஜன்னலைப் பார்த்தார்.

ராசம்மாள் அவர் தோளைத் தொட்டாள்.

"எந்திரிங்க கொழுந்தனாரே. பஸ் போயிரும்."

பிறகு மிக்கேல் சாரிடம் திரும்பி, "இது அவரில்லைன்னு எழுதிக் குடுங்க சாமி," என்றாள். அவரும் எழுதினார்: 'இந்த எலும்பு காளிச்சாமி அல்ல.' ஒரு கடல்பசுவுக்கு இப்படியொரு சான்றிதழ் வேறெங்கும் கிடைத்திருக்காது. எலும்பைக் காலேஜே வைத்துக்கொண்டது.

5

சென்னிமலை பிறகு காட்டைக் கேட்கவே இல்லை. உழவுக்குத் தன் மாட்டையும் அனுப்பினார்.

இங்கே முடித்திருக்கலாம். ஒரு படியில் முடித்தும்விட்டேன். ஆனால் மும்தாஜ் முடிக்கவில்லை.

1958இல் ஒரு மத்தியானம், அத்தா தொழுகைக்குப் போயிருக்க, மும்தாஜ் கடையில் தனியாக இருந்தார். பஸ்ஸிலிருந்து இறங்கிய ஒருவர் கடை முன் வந்து நின்றார். நரைத்த தலை, கையில் ஒரு துணி மூட்டை.

"ராசம்மா ஊடு இன்னும் அங்கியேதானுங்களா?"

"நீங்க என்ன சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"நீங்களா இருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?" என்றார் மும்தாஜ்.

வழி சொல்வதாக ஒரு முடிவு எழுதினேன். அவரைக் கண்டதும் ராசம்மாளின் முகம் எப்படி மாறும் என்று எனக்குத் தெரியவில்லை. அந்த ஊரில் அப்படி யாரும் இல்லை என்று சொல்வதாக இன்னொன்று எழுதினேன். அவர் மூட்டையைத் தூக்கியதும் எனக்கே தாங்கவில்லை. மூன்றாவதில், "மழை வரும்போல..."

(வேண்டாம்.)

அந்த மத்தியானத்தில் ராசம்மாள் காட்டில் கடலை பிடுங்கிக்கொண்டிருக்கிறாள். கூலி ஆளுக்குப் பஞ்சமில்லை, விளைச்சலும் மோசமில்லை. கிணற்றைத் தாண்டி இடது பக்கம் திரும்பினால் வீடு. என்னளவுக்கு இப்போது உங்களுக்கும் அவளைத் தெரியும்.

அவர் கடை முன் நிற்கிறார். உங்களைத்தான் கேட்கிறார்.